திருப்பிப் போட்டவள்

ஏழாவது கெப்பாசிட்டர் திரும்பியிருந்தது.

அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் அதைப் போர்டின் துளையில் இறக்கி, பின்பக்கம் ஈயம் வைத்து, மிச்சக் கம்பிக் காலை வெட்டி எறிந்துவிட்டு, மகளுக்குப் பால் காய்ச்ச அடுப்படிக்குப் போயிருந்தார். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு நீல உருளை. அதன் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. கோடு இருக்கிற பக்கம் மைனஸ். அது ஜன்னலைப் பார்த்து நிற்க வேண்டும். போகும்போது அப்படித்தான் நின்றது. இப்போது கோடு அவரைப் பார்த்து நின்றது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மாற்றமில்லை. வெளியே மத்தியானத்திலிருந்து விடாத மழை. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் வாளியில் விழுகிற சத்தமும், பக்கத்து அறையில் மகள் புரண்டு படுக்கும்போது கட்டில் முனகுகிற சத்தமும், மேஜை மேல் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் தன் தாங்கியில் கிடந்து லேசாகச் சீறுகிற சத்தமும் தவிர வீட்டில் வேறு அரவமில்லை. மனம் ஒன்று நினைக்கக் கை ஒன்று செய்கிற வயசு வந்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதைக் கழற்றித் திருப்பிப் பொருத்தினார்.

தொழிற்சாலையில் இருந்த காலத்தில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஆறங்குல இரும்பு ஸ்கேல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். எதையும் அளந்துதான் செய்வார், சிரிப்பைக்கூட. கம்ப்யூட்டர் போர்டுகளுக்குப் படம் வரைவது அவர் வேலை. எந்த உறுப்பு எங்கே உட்கார வேண்டும், செம்புத்தடம் எந்த வழியாக ஓட வேண்டும், எந்தத் துளைக்குப் பக்கத்தில் பிளஸ் அச்சடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மேஜையில்தான் முடிவாகும். பள்ளிக்கூடங்களுக்கென்று அந்தத் தொழிற்சாலை ஒரே ஒரு மாதிரிக் கம்ப்யூட்டர் செய்தது. அதன் போர்டு முழுக்க முழுக்க அவர் கைவண்ணம்.

போன வாரம் அந்தத் தொழிற்சாலையின் பழைய ஸ்டோர்காரர் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, ஆட்டோவில் தூக்கி வந்து, "உங்க புள்ளை சார், நீங்களே பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டுப் போனார். பழைய ஆட்கள் எல்லோரும் அடுத்த மாதம் ஒன்று கூடுகிறார்கள். அன்றைக்கு மேடையில் அது ஓட வேண்டும், அதை வரைந்தவர் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. ஸ்கேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மூடியைத் திறந்தால் கெப்பாசிட்டர்கள் எல்லாம் வயிறு உப்பிக் கிடந்தன. சிலவற்றின் அடியில் பழுப்புத் தண்ணீர் கசிந்து போர்டில் படர்ந்திருந்தது. சூடு காட்டியதும் அந்தத் தண்ணீரிலிருந்து அழுகிய மீன் வாடை கிளம்பி வீடு முழுக்கப் பரவியது. பழைய கெப்பாசிட்டர் வாடை அப்படித்தான் இருக்கும், தொழில் தெரிந்தவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். மகள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். வீங்கிய உருளைகளைப் பார்த்தாள், தன் வயிற்றைப் பார்த்தாள். "என்னப்பா, இதுங்களுக்கும் ஒன்பதாம் மாசமா?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவருக்கு இருப்பது அவள் ஒருத்திதான். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. மருமகன் கப்பலில் இருக்கிறான். நேற்றுத்தான் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, குழந்தை தலை கீழே இறங்கி நல்லபடியாக இருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை ஸ்கேல் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகளும் குழந்தையும் சுகமாகப் பிழைத்து எழுந்தால் போதும், மற்றதெல்லாம் அப்புறம் என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல்.

பிளஸ் மைனஸ் விஷயத்தில் கெப்பாசிட்டர் ரொம்ப ரோஷமுள்ள சாமான். மாற்றிப் போட்டால் உடனே சண்டைக்கு வராது. சில நாள், சில வாரம் பொறுத்திருக்கும். உள்ளுக்குள்ளேயே சூடாகும். பிறகு ஒருநாள் யாரும் எதிர்பாராத நேரத்தில் படாரென்று வெடிக்கும். அதனால்தான் ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் பிளஸ் அச்சடித்திருப்பார்கள். தொழிற்சாலை லைனில் வரிசையாக உட்கார்ந்து செருகுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் செருகுவார்கள்.

இந்தப் போர்டில் பதினொரு கெப்பாசிட்டர்கள். பத்து இடத்தில் பிளஸ் சரியான பக்கத்தில் இருந்தது. ஏழாம் இடத்தில் மட்டும் தப்பான பக்கத்தில் இருந்தது. இது உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஸ்கேல் முப்பத்தைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். இன்னொருத்திக்கும் தெரிந்திருந்தது என்பதை அவர் மனம் சௌகரியமாக மறந்து வைத்திருந்தது.

அவள் லைனில் கெப்பாசிட்டர் செருகி ஈயம் வைக்கிற பெண். லைன் பெண்கள் புடவைக்கு மேல் போடுகிற நீலக் கோட்டு, ஊசி குத்தித் தூக்கிக் கட்டிய தலைமுடி, ஐந்து மாதக் கர்ப்பம். முதல் நாள் முதல் போர்டிலேயே கண்டுபிடித்துவிட்டாள். போர்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்து, அவர் மேஜையோரம் நின்று, ஏழாம் இடத்துப் பிளஸ் பக்கம் மாறினாற்போல் இருக்கிறதே என்று கேட்டாள். ஒரு பார்வை பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். ஆனால் நாலு பேர் வேலை செய்கிற இடத்தில் ஒரு லைன் பொண்ணு வந்து தன் படத்தில் குற்றம் கண்டுபிடிப்பதா? "அச்சுல இருக்கறபடி போடும்மா," என்றார். "யோசிக்கறதுக்கு நாங்க இருக்கோம்." நாலு பேரும் சிரித்தார்கள். அவள் இறங்கிப் போய் அச்சில் இருந்தபடியே போட்டாள். எண்ணூறு போர்டு.

இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அது வெடித்தது. ஓரிடத்தில் ஜன்னல் திரை தீப்பிடித்து எரிந்தது. விசாரணை என்றதும்தான் ஸ்கேல் தன் படத்தை விரித்துப் பார்த்தார். ஏழாம் இடத்துப் பிளஸ் பக்கம் மாறித்தான் இருந்தது. பிளேடால் அந்தப் பிளஸைச் சுரண்டி எடுத்துச் சரியான பக்கத்தில் ஒட்டினார். வெடித்த போர்டுகளில் அந்த இடம் கருகிப்போயிருந்ததால் அச்சு தெரியாது. குடோனில் மிச்சம் இருந்தவற்றை உடைத்துப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. பிறகு மேலதிகாரிகள் முன்னால் படத்தை விரித்து வைத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "படம் சரியாத்தான் இருக்கு சார். அந்தப் பொண்ணு திருப்பிப் போட்டுட்டா."

அன்று சாயங்காலமே அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் கேட் வரைக்கும் நடந்து போவதற்குள் யாரோ ‘திருப்பி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே மற்ற தொழிற்சாலைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஸ்டோர்காரர் கொண்டு வந்த இயந்திரத்தைத் திறந்தபோது ஸ்கேல் ஒரு நிமிஷம் திடுக்கிட்டார். அதில் ஏழாம் இடம் கருகவில்லை. அந்தக் கெப்பாசிட்டரை யாரோ அச்சை மதிக்காமல் சரியான பக்கம் போட்டிருந்தார்கள். எண்ணூற்றில் ஒன்றை மட்டும். யார் போட்டிருப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாத விஷயங்களை யோசிக்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

இரண்டாவது தடவை பொருத்தி முடித்து அயர்னைத் தாங்கியில் வைத்தபோது பக்கத்து அறையிலிருந்து மகள் கூப்பிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பும் மிரட்சியும் கலந்திருந்தது. சற்று முன்னால் குழந்தை ஒரு புரட்டு புரட்டியதாம்; குட்டிக்கரணம் போட்ட மாதிரி, விலா எலும்பையே இடித்துக்கொண்டு மேலே போயிற்றாம்; இப்போது மறுபடியும் புரண்டு கீழே இறங்கிவிட்டதாம். ஒன்பதாம் மாதத்தில் அதற்கு ஏது இடம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். எப்போது மேலே போனது என்று அவர் கேட்டார். பால் கொண்டு வந்து கொடுத்தீர்களே, அப்போது என்றாள். எப்போது இறங்கியது? இதோ, இப்பத்தான்.

அவளுக்கு ஏதோ சமாதானம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். குழாயை மூடத் திருகினால் தண்ணீர் இன்னும் பெரிதாகக் கொட்டியது. எதிர்ப்பக்கம் திருகியதும் நின்றது. பதினெட்டு வருஷமாகத் திறந்து மூடுகிற குழாய். ஈரக் கையோடு அங்கேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலைப் பார்த்தார். வெளியே பார்த்தபடி விட்டிருந்த மகளின் செருப்புகள் இரண்டும் வீட்டுக்குள் பார்த்து நின்றன; யாரோ அப்போதுதான் உள்ளே வரக் கால் வைத்தது போல. மழைக்காற்று தள்ளியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நினைப்பதற்கு ஒன்றும் செலவில்லை.

மேஜைக்கு வந்தார். வெள்ளைக் கோடு அவரைப் பார்த்து நின்றது.

இந்தத் தடவை போர்டைத் திருப்பிப் பின்பக்க ஈயத்தைப் பார்த்தார். அவர் வைக்கிற ஈயம் தாராளமாக, குண்டு குண்டாக இருக்கும். வரைகிறவர் கைக்கு அவ்வளவுதான் வரும். மற்ற இருபது கால்களிலும் அப்படித்தான் இருந்தது. ஏழாம் இடத்தின் இரண்டு காலில் மட்டும் ஈயம் சின்னக் கூம்பாக, பளபளவென்று, அரிசி முனை அளவுக்கு அளவாக ஏறியிருந்தது. கால்கள் ஒரே உயரத்தில், ஒரே சரிவில் வெட்டப்பட்டிருந்தன. கையெழுத்து மாதிரி அது. நாள் முழுக்க அதையே செய்து பழகிய கை. அந்தக் கூம்பை அவர் தன் வாழ்நாளில் எண்ணூறு தடவை பார்த்திருக்கிறார்.

தொட்டுப் பார்த்தார். ஈயம் இன்னும் சூடாக இருந்தது.

ஈயத்தை உருக்கி உறிஞ்சுகுழலால் இழுத்து, உருளையைப் பிடுங்கி, ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடினார். ஏழாம் இடம் இரண்டு வெறும் துளைகளாகக் கிடந்தது. திரும்புவதற்கு ஏதாவது இருந்தால்தானே திரும்பும்? தன் புத்தியை நினைத்து அவருக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. அயர்னை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மழை கொஞ்சம் தணிந்தது. அது தணிந்ததும்தான் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது.

டிக்.

கெப்பாசிட்டர் காலைக் கட்டர் வெட்டுகிற சத்தம். செருகி, மடக்கி, டிக். அடுத்தது. செருகி, மடக்கி, டிக். வீட்டுக்குள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. நடையில் போய் நின்றால் மேஜைப் பக்கம் கேட்டது. மேஜைக்கு வந்தால் நடையில் கேட்டது. அவசரமே இல்லாத சத்தம். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் வெட்டுகிற மாதிரி, நிதானமாக, நிறுத்தாமல். மீன் வாடைக்கு மேலே இப்போது இன்னொரு வாடையும் சேர்ந்திருந்தது. ஈயத்தோடு எரிந்து, லைன் அறையில் வருஷக்கணக்காகச் சுவரில் ஊறிப்போன குங்கிலியப் புகை வாடை. அவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். வாடை வெளியே போகவில்லை.

"அப்பா," என்று மகள் கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

குழந்தை அசையவில்லை என்றாள். முக்கால் மணி நேரமாக ஒரு அசைவும் இல்லை. தட்டிப் பார்த்தேன், இடது பக்கம் படுத்துப் பார்த்தேன், இனிப்பு சாப்பிட்டுப் பார்த்தேன், கல் மாதிரி கிடக்கிறது என்றாள். சொல்லச் சொல்ல அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது. ஸ்கேல் அவள் வயிற்றில் கை வைத்தார். உள்ளே ஒன்றுமே இல்லாத அமைதி. முக்கால் மணி நேரம். அவர் மனக்கணக்கு தானாகவே பின்னால் போய் டப்பாவின் மூடியில் நின்றது.

அவர் நடக்கவில்லை, ஓடினார். அயர்ன் சூடாகிற வரைக்கும் நின்ற அந்த இரண்டு நிமிஷம் அவர் பட்ட பாட்டை எதிரிக்கும் விதிக்கக் கூடாது. உருளையைச் சரியான பக்கம் பார்த்துத் துளையில் இறக்கி, ஈயத்தைக் குண்டாக வைத்தார். அறையிலிருந்து மகள் விம்மலும் சிரிப்புமாகச் சொன்னாள்: "உதைக்குதுப்பா. ரெண்டு காலாலயும் உதைக்குது."

இனி அவர் தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்ள வழியில்லை. பயமாக இருந்தது. இவ்வளவு பெரிய பயத்தை அவர் இதுவரை பட்டதில்லை.

உருளையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் ஸ்டோர்காரருக்குப் போன் போட்டார். அந்த இயந்திரம் யார் கையில் தயாரானது என்று கேட்டார். ஸ்டோர்காரர் உற்சாகமாகிவிட்டார். மூடியின் உட்புறம் சீட்டு ஒட்டியிருக்குமே, அதில் ஆள் நம்பர் இருக்குமே, தானும் பார்த்ததாகச் சொன்னார். நம்பர் பதினேழு. பதினேழு யாரென்று சாருக்கு ஞாபகம் இருக்கிறதா? திருப்பிதான்.

பிறகு அவர் பேச்சு தழைந்தது. பாவம் சார் அது, என்று ஆரம்பித்தார். வேலை போனதோடு தொழிற்சாலை ஆஸ்பத்திரிக் கார்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். வலி எடுத்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிருக்கிறாள், கார்டு இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலேயே பிரசவம். குழந்தை வயிற்றில் திரும்பிக் கிடந்திருக்கிறது. கால்தான் முதலில் வந்ததாம். ரெண்டு உயிரும் போச்சு. ஸ்கேலுக்கு இது புதிய செய்தியில்லை. அப்போதே இதே ஸ்டோர்காரர்தான் வந்து சொன்னார். அடப் பாவமே என்று இவரும் சொன்னார். சொல்லிவிட்டு, டீ ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார்.

"சார், ரொம்ப நாளா உங்களை ஒண்ணு கேக்கணும்," என்றார் ஸ்டோர்காரர். "நெஜமாவே அவதான் திருப்பிப் போட்டாளா?"

கட்டர் சத்தம் நின்றது.

வீடே காது கொடுத்தது. மழை கூடச் சற்று நின்ற மாதிரி இருந்தது. தன் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதை ஸ்கேல் உணர்ந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்ல வாயும் திறந்தார். அந்த நேரம் பார்த்து முன்வரிசை நாற்காலி கண் முன்னால் வந்தது. அதில் உட்கார்ந்திருக்கும் தன்னைப் பார்த்து அத்தனை பேரும் கிசுகிசுப்பது காதில் விழுந்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம். மகள் நல்லபடியாகப் பெற்றெடுக்கட்டும், தனியாக, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"ஆமாய்யா," என்றார். "அவதான் திருப்பிப் போட்டா."

கழுத்துக்குப் பின்னால் அந்த மூச்சு மெதுவாக வெளியே வந்தது. அதில் மீன் வாடை இருந்தது.

"அப்பா, படுக்கை நனைஞ்சிருச்சு," என்றாள் மகள் உள்ளேயிருந்து.

ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் செய்தார். வண்டி கிளம்பிவிட்டது, பாலத்தடியில் தண்ணீர் நிற்கிறது, சுற்றித்தான் வர வேண்டும், தைரியமாக இருங்கள் என்றார்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இதையே சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று வில்லாக வளைந்தாள். நைட்டிக்கு மேலாகவே தெரிந்தது. வயிற்றின் ஒரு பக்கம் மேடாக எழும்பி, மெல்ல, மிக மெல்ல, மேல்நோக்கி நகர்ந்தது.

அவர் மேஜைக்குப் பாய்ந்தார். கோடு பாதி திரும்பியிருந்தது. அவர் பார்க்கப் பார்க்கத் திரும்பிக்கொண்டிருந்தது. ஈயம் உருகவில்லை. கால் ஒடியவில்லை. குழாய்த் திருகு மாதிரி, நிதானமாக. அவர் கட்டை விரலால் அதை அழுத்திப் பிடித்து எதிர்ப்பக்கம் திருகினார். கோடு ஜன்னலைப் பார்த்தது. அறையில் அலறல் நின்றது.

விரலை எடுத்தார். அலறல்.

வைத்தார். நின்றது.

போர்டை அப்படியே தூக்கிக்கொண்டார். இடது கை போர்டுக்கு அடியில். வலது கைக் கட்டை விரல் உருளை மேல். மின்சாரமே இல்லாத போர்டில் உருளை கொதித்தது. விரல் தோல் பொசுங்குகிற வாடை அவருக்கே வந்தது. விடவில்லை. நடையைத் தாண்டி மகளின் அறைக்கு வந்தார். கதவு சாத்தியிருந்தது. அவர் சாத்தவில்லை. தோளால் தள்ளினார். முட்டியால் இடித்தார். உள்பக்கம் திறக்கிற கதவு. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உள்பக்கம் திறக்கிற கதவு. கீல்கள் இப்போது வெளியே இருந்தன.

இழுத்துத்தான் திறக்க வேண்டும். இழுக்க ஒரு கை வேண்டும்.

"அப்பா," என்றாள் மகள் கதவுக்கு அந்தப் பக்கம். பிறகு யாருக்கோ பதில் சொல்வது போல, "சரிங்கக்கா," என்றாள்.

இன்னொரு குரல் பேசிக்கொண்டிருந்தது. தணிந்த, ஆதரவான பெண் குரல். பயப்படாதே, மூச்சை விடு, இன்னும் கொஞ்சம்தான், என் கையைப் பிடிச்சுக்கோ. எந்தத் தகப்பனும் கேட்டு நிம்மதியடைகிற குரல். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. நடையில் வெளிச்சம் மங்கியது. தெருவில் வண்டி வரும் சத்தம் இல்லை. விரல் மரத்துவிட்டது. கால் பெருவிரலைக் கதவின் அடியில் கொடுத்து இழுத்தார். மூன்று விரல் அகலத்துக்குக் கதவு வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அந்த இடுக்கில் கண்ணை வைத்தார்.

கட்டில். நனைந்த விரிப்பு. மகளின் இரண்டு பாதங்கள். அவற்றுக்கு நடுவே குனிந்திருந்த ஒரு முதுகு. நீலக் கோட்டு. ஊசி குத்தித் தூக்கிக் கட்டிய தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான்தான்," என்று கத்தினார். முப்பத்தைந்து வருஷம் தொண்டையில் கிடந்தது அவ்வளவும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "படம்தான் தப்பு. பிளஸைத் தப்பா வச்சது நான்தான். நீ வந்து சரியாத்தான் சொன்னே. என்னை என்ன வேணாப் பண்ணு. அவளை விட்டுரு."

முதுகு நிமிர்ந்தது. அவர் பக்கம் திரும்பவில்லை.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் சார்."

டிக்.

மகள் தலையணையில் எம்பி உட்கார்ந்திருந்தாள். வேர்த்து, களைத்து, சிரித்துக்கொண்டு, குழந்தையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதது. நல்ல கணீரென்ற அழுகை. நீலக் கோட்டுக்காரி அதைத் தூக்கி ஜன்னலோரத்துக் கடைசி வெளிச்சத்தில் பிடித்தாள். போர்டு சரியாக வந்திருக்கிறதா என்று லைனில் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படித் தலையைச் சாய்த்து, மேலும் கீழும் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு ஒரு கையால் அதன் மார்பை ஏந்திக்கொண்டு, இன்னொரு கையால் அதன் தலையைப் பிடித்து, அவசரமே இல்லாமல், பழகின கையின் லாவகத்தோடு திருப்ப ஆரம்பித்தாள்.